எடைக்கு எடை இரும்பு

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்திருக்கிறேன். அதுவும் கூடப்பிறந்த அண்ணனின் உயிரை. கோபத்தில் இல்லை, சொத்துத் தகராறிலும் இல்லை. கடைத் தராசில் கிராம் சுத்தமாக நிறுத்து, மெழுகு வைத்து ஒட்டி, மஞ்சள் பையில் போட்டு நானே அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவன் என்னைப் பாராட்டவும் செய்தான்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்களுக்குத் தாமலில் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டான். எனக்கு மண் ஒத்துவரவில்லை என்று சொல்லிக் காஞ்சிபுரம் வந்து, ஒரு பட்டு முதலாளியிடம் நிறுவை வேலையில் சேர்ந்தேன். நெசவாளிகளுக்குப் பாவுக்கும் ஊடைக்கும் பட்டை நிறுத்துக் கொடுக்க வேண்டும். சேலை நெய்து வந்ததும் அதையும் நிறுத்து வாங்க வேண்டும். பட்டு ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ஒரு நிறை, வெயில் காலத்தில் ஒரு நிறை. சேலையைக் கையில் வாங்கும்போதே இது தண்ணீர் தெளித்து வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜரிகை நிறுக்கிற சின்னத் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். என்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொட விடமாட்டேன். இருபத்தைந்து வயதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை மட்டும் எந்தத் தராசிலும் வைத்திருக்க முடியாது.

வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. அப்பா காலத்து இரட்டைக் குழல், சீமைச் சாமான். பயிரைக் காக்க என்று வாங்கிய லைசென்ஸ், அப்பா போன பிறகு அண்ணன் பெயருக்கு மாறியிருந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் மார்கழி, தை வரைக்கும் சிறகி என்கிற காட்டு வாத்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அப்போதெல்லாம் அண்ணன் நாலைந்து அடித்துக் கொண்டு வருவான். தோட்டா வாங்கக் கட்டுப்பாடு இருந்ததால், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே திரும்ப நிரப்புவது வழக்கம். அடியில் தட்டினால் பொறி விடுகிற புது கேப்பு, அதன்மேல் வெடிமருந்து, மருந்தின்மேல் ஓர் அட்டை வில்லை, அதற்கு மேல் விரல் கனத்துக்குக் கம்பளித் துணியில் வெட்டிய வில்லை, பிறகு ஈய ரவை, கடைசியாக மூடுகிற அட்டை. எல்லாவற்றையும் அளக்க அப்பா ஒரு சின்னப் பித்தளைக் குவளை வைத்திருந்தார். மருந்துக்கு ஒரு கோடு, ரவைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

அந்தக் குவளையைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். படி, மரக்கால் என்று அளந்து போடுவது நெல்லுக்குச் சரி. அப்பாவும் அண்ணனும் நெல் அளந்த ஆட்கள். நான் பட்டு நிறுப்பவன். குலுக்கி அளந்தால் ஒரு மாதிரி, குலுக்காமல் அளந்தால் ஒரு மாதிரி. இதெல்லாம் ஒரு கணக்கா? இரண்டு வருஷமாகத் தோட்டா நிரப்புவதை நானே எடுத்துக்கொண்டேன். ஒருமுறை குவளைக்கு வந்த மருந்தையும் ஈய ரவையையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குவளையைத் தொடவே இல்லை. அட்டை வில்லைகளை, சேலைக் கரையில் பூ விழத் தறிக்கு மேல் மாட்டுவார்களே ஜக்கார்டு அட்டை, அதில் கழிந்துபோனதை வாங்கி ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து வட்டமாக வெட்டுவேன். எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரி வெடிக்கிறது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் தை மாதம் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அண்ணன் உடனே வாய் விட்டுவிட்டான், "சம்பந்திக்குச் சிறகிக் கறிதான்" என்று. ஆனால் ஈய ரவை எங்கே போயும் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஈயம் வருவது நின்றுபோச்சு என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"இன்னாபா பண்றது? சொல்லிட்டேனே அவருகிட்ட" என்றான் அண்ணன்.

"நான் பாத்துக்கறேன்ணா" என்றேன் நான். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதவனாக நான் பிறந்திருக்கலாம்.

என் அறைக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. ஃப்ரீவீலுக்குள் போடுகிற பால்ரஸ் இருக்கிறதே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு உருண்டை, அது அசல் ரவை மாதிரியே இருந்தது. பளபளவென்று, ஒன்றுபோல ஒன்று. நசுங்கின ஈய ரவை எங்கே, இது எங்கே! ஈயத்தைவிட இரும்பு கெட்டி, கெட்டியானது நல்லதுதானே என்று தோன்றியது. ஒரு பொட்டலம் வாங்கிவந்து, வெள்ளிக்கிழமை கடை மூடினபிறகு தராசை எடுத்து உட்கார்ந்தேன்.

ஈயத்தின் எடை எவ்வளவோ அவ்வளவு எடைக்கு பால்ரஸை நிறுத்தேன். கூட்டுக்குள் போட்டால் வழிந்தது. இரும்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். இது சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. அதைப் பார்த்து, அப்படியானால் எடையைக் குறைப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எடை குறைந்தால் அது குறை. குறை வைத்துக் கொடுப்பது என் தொழிலில் பாவம். அதனால் இடத்தைக் கூட்டினேன். அடியில் வைக்கிற கம்பளி வில்லையை எடுத்துவிட்டேன். மருந்தின்மேல் ஒற்றை அட்டை, அதன்மேல் நேராக இரும்பு. கச்சிதமாக உட்கார்ந்தது. ஆறு தோட்டா முடித்து வரிசையாக நிறுத்திவைத்து அழகு பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் தாமலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இதற்கு முன்னால் ஒன்றையாவது சுட்டுப் பார்த்தோமா என்றால், இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மத்தியானம் டீக்கடையில் துப்பாக்கி ரிப்பேர் பாய் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்க்கிற வேலையில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். சுற்றுவட்டாரத்து லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் அவர் கை பட்டவைதான். எங்கள் துப்பாக்கியையும் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் எனக்கு வாய் நமநமத்தது. இந்த மாதிரி யோசனை அவருக்குக்கூட வந்திருக்காது என்று நினைத்தேன்.

"ஈயம் கெடைக்கலன்னு ஊரே அழுதுக்கினு இருக்குது பாய். நாம உட்டுடுவமா? சைக்கிள் பால்ரஸ போட்டு ஆறு தோட்டா கட்டிட்டேன்."

வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் அப்படியே நின்றது. "இன்னாது?"

"ஃப்ரீவீல் பால்ரஸ். சின்னது."

"எவ்ளோ போட்டே?"

"ஈயம் எவ்ளோவோ அதே எடைதான். அரை கிராம்கூட வித்தியாசம் கெடையாது."

"எடைக்கு எடையா? எப்டிப்பா உள்ள போச்சு?"

"போவலதான். அடியில கம்பளி வெப்பமே, அத எடுத்துட்டேன். அட்டை மட்டும்தான். சும்மா அளவெடுத்த மாதிரி ஒக்காந்துச்சு."

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அது சாய்ந்து டீ முழுக்க என் வேட்டியில் ஊற்றியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"எந்தத் துப்பாக்கிக்கு?"

"வீட்டுதுதான். அப்பாவோடது."

"அந்த முறுக்குக் குழாய்க்கா? நான் தொடச்சுக் குடுத்தனே, அதுக்கா?" எழுந்து நின்றுவிட்டார். "யா அல்லா. இப்ப அது யார் கையில இருக்குது?"

அந்தக் கேள்வியில்தான் ஏதோ தப்பு என்று எனக்கு முதல் முறையாகப் பட்டது. அண்ணனிடம் இருக்கிறது, சாயங்காலம் நாலு மணிக்கு ஏரிக்குப் போவதாகச் சொன்னான் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகச் சொன்னார். "ஈயம் மெத்துன்னு இருக்கும்பா. குழாய் வாய்கிட்ட குறுகுது இல்ல, அங்க தானே நசுங்கி வெளிய போயிடும். இரும்பு நசுங்காது. குழாயத்தான் நசுக்கும். இப்ப வர புதுத் துப்பாக்கின்னா கெட்டி எஃகு, வாய் அகலமாவும் இருந்துச்சுன்னா, எடையக் கொறைச்சு, அடியில கனமா மெத்த வெச்சு, ஏதோ பொழைக்கலாம். உன்னுது கம்பி கம்பியா முறுக்கி சுத்தி ஒட்ட வெச்ச குழாய். மேல அலை அலையா கோடு இருக்கும் பாரு, அத்தனையும் ஒட்டு. நீ மெத்தையையும் எடுத்துட்ட. எடையையும் கொறைக்கல. அந்த ஒட்டு ஒன்னு உட்டுச்சுன்னா, அடியில உட்டா மொகம், நடுவுல உட்டா எடது கை. மணி இன்னா?"

மூன்றே கால்.

"ஓடு" என்றார்.

போன் கிடையாது. வேலூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது. சைக்கிளை எடுத்தேன். தாமல் ஏழெட்டு மைல். ஒலிமுகமதுபேட்டை தாண்டியதும் மணல் லாரி ஒன்று மெதுவாக என்னைக் கடந்தது. அதன் பின்பலகைச் சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். கிளீனர் எட்டிப்பார்த்து என் குலத்தையே திட்டினான். கையை மட்டும் நான் விடவில்லை. முகத்தில் மணல் அடித்தது. கண்ணை மூடினால் அண்ணனின் முகம், அதுவும் முழுசாக இல்லாத முகம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த முகத்தில் நான் கோபத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அதை நானே பொட்டலம் கட்டி அழித்துவிட்டு டீக்கடையில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒரு ஊர் முழுக்கக் கோயிலை வைத்துக்கொண்டு, "நாலு மணி ஆகக்கூடாது, நாலு மணி ஆகக்கூடாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனேன்.

ஏரிக்கரை மேட்டில் சைக்கிளை ஏற்றும்போது வெடிச் சத்தம் கேட்டது.

வழக்கமான சத்தம் இல்லை. அப்பா காலத்திலிருந்து கேட்ட காது என்னுடையது. இது வறட்டுச் சத்தம், பலகை பிளந்ததுபோல. சிறகிக் கூட்டம் ஒரே மூச்சில் எழுந்து என் தலைக்கு மேலே போனது. நான் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஓட வேண்டியவன் நின்றேன். அலறல் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அங்கே போய் என்ன பார்ப்பேனோ என்கிற பயத்தில் கால் எழவில்லை.

அலறல் வரவில்லை. மேட்டின்மேல் ஏறிப் பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் அண்ணன் நின்றிருந்தான். நின்றுகொண்டிருந்தான்! பறந்த கூட்டம் வட்டம் போட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவன் வலது தோளை ஒருமுறை சுற்றி உதறிவிட்டு, துப்பாக்கியை மறுபடி தூக்கினான். குழலுக்குப் பின்னால் குதிரை என்று இரண்டு சுத்தி இருக்கும், அது விழுந்துதான் கேப்பைத் தட்டும். இடது பக்கத்துக் குதிரையை அவன் இழுத்து நிறுத்துவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கன்னத்தை வைத்துச் சாய்த்தான். இடது கை குழலுக்கு அடியில்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "ணா, சுடாத, எறக்கு, எறக்கு" என்று கேட்டதாக அவன் பிறகு சொன்னான். கரைச் சரிவில் உருண்டேன், எழுந்து தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு ஓடினேன். பறவைகள் எல்லாம் மிரண்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டன.

"டேய், பைத்தியமாடா புடிச்சிருக்குது? அத்தனையும் ஓட்டிட்டியேபா!" என்று அண்ணன் திரும்பினான்.

துப்பாக்கியை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். குதிரையை மெல்ல இறக்கி, குழலை மடக்கித் தோட்டாவை வெளியே எடுக்க நாலு முறை முயல வேண்டியிருந்தது. பிறகு குழலைப் பார்த்தேன். வலது குழல் வாய்க்கு மூன்று விரல் கீழே, எலி விழுங்கின பாம்பு மாதிரி, சுற்றிலும் புடைத்திருந்தது. இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டை அங்கே விட்டுப்போய் மயிரிழை இடைவெளி தெரிந்தது. நான் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். மார்பு வரைக்கும் தண்ணீர்.

இந்த விஷயத்தை அவனிடம் எப்படிச் சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. பாய் சொன்னதை எல்லாம் திக்கித் திக்கிச் சொன்னேன். கம்பளியை எடுத்ததைச் சொன்னேன். அவன் என்னை அடிக்கட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அவன் சட்டையைத் தோளிலிருந்து விலக்கினான். வலது தோள் கருநீலமாகக் கன்றிப்போய் வீங்கியிருந்தது.

"மொத வெடிக்கே தோள் கழண்டுபோச்சுபா" என்றான். "இன்னாடா இதுன்னு குழாயத் தடவிப் பாத்தேன். வீங்கிக் கெடந்துது. சரி, அப்பா துப்பாக்கிக்கு வயசாயிடுச்சு, இனிமே ஒத்தக் குழாதான்னு நெனச்சுக்கினேன்."

"பாத்தியா? வீங்கினதப் பாத்துட்டா மறுபடியும் தூக்கின?"

"ஆமா. எடது நல்லாத்தான இருக்குது?"

"தோட்டா மேல சந்தேகம் வரலியாணா உனக்கு?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அது நீ நிறுத்துக் கட்டுனதாச்சேபா" என்றான்.

அப்பாவின் துப்பாக்கியைச் சந்தேகப்பட்டிருக்கிறான். தன் தோளைச் சந்தேகப்பட்டிருப்பான், கேட்டிருந்தால். என் கை நிறுவையைச் சந்தேகப்பட அவனுக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்கு அழவில்லை.

மறுநாள் காலையிலேயே மிச்சம் ஐந்து தோட்டாவையும் துப்பாக்கியையும் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குழலுக்குள் விளக்கைக் காட்டி என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே நெடுக நகத்தால் கீறினதுபோலக் கோடுகள். இடது குழலின் வாயில் ஒரு கம்பியைவிட்டு அளந்தார். "இது இன்னும் குறுகல்பா, வலதவிட" என்று மட்டும் சொன்னார். அந்தத் துப்பாக்கியால் இனிமேல் யாரும் சுட முடியாதபடி பண்ணித் தருகிறேன் என்றார். தலையாட்டினேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் வேட்டியில் டீ ஊற்றினதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்தார்.

அன்று சாயங்காலம் தாமல் வீட்டுக்குப் பெண்ணின் அப்பா வந்தார். சிறகிக் கறி இல்லை. அண்ணி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். தோளுக்குப் பத்துப் போட்டுத் துண்டில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அண்ணன் பந்தியில் உட்கார்ந்து, இடது கையால் சாப்பிட்டான். சம்பந்தி கேட்டுவிட்டார், கைக்கு என்ன என்று.

"துப்பாக்கி பழசு மாமா. ஒதைச்சுடுச்சு" என்றான் அண்ணன்.

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் சம்பிரதாயத்துக்கு அடுத்த கேள்வியைக் கேட்டார். மாப்பிள்ளைக்குப் பட்டுக்கடையில் என்ன வேலை, ஆள் எப்படி என்று.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அதில் கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

"எந்தம்பி நிறுத்துக் குடுத்தான்னா கண்ண மூடிக்கினு வாங்கிக்கலாம் மாமா" என்றான்.

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கொல்லைப்பக்கம் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவுகிற சாக்கில் தண்ணீரைச் சத்தமாக இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். அழுகை நிற்க வெகுநேரம் ஆனது. பெண்ணின் அப்பாவுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது என்று அண்ணி வந்து சொன்னாள்.